ஸ்பிரிங் ஏற்றுகிறவர்கள்

அமெரிக்காவின் கராஜ் கதவு வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1921ல் தொடங்குவார்கள். கொட்டகைக் கதவுபோல வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவுக்குப் பதிலாக, கிடைமட்டத் துண்டுகளைக் கீல்களால் இணைத்து மேல்நோக்கி ஏறும் கதவை சி.ஜி. ஜான்சன் என்பவர் அந்த ஆண்டில்தான் உருவாக்கினார். அதற்காகத் தொடங்கப்பட்ட ஓவர்ஹெட் டோர் நிறுவனம் சில ஆண்டுகளில் இந்தியானா மாநிலத்து ஹார்ட்ஃபர்ட் சிட்டியில் நிலைகொண்டது. 1926ல் மின்சாரத்தில் திறக்கும் கருவியும் வந்துவிட்டது. 1996ல் ஜப்பானின் சான்வா ஷட்டர் நிறுவனம் ஓவர்ஹெட் டோரை வாங்கியது. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜான்சன் தன் கதவின் சின்ன மாதிரி ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விநியோகஸ்தர்களைச் சேர்த்தார். ஊருக்கு ஊர் ஆள் வேண்டியிருந்தது சரக்கை விற்க மட்டுமல்ல என்பது என் கணிப்பு. இந்த வகைக் கதவு தொழிற்சாலையில் முடிவதில்லை. வாசலில் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கதவின் கனத்துக்கு ஏற்ப முறுக்கிய பிறகுதான் அது கதவாகிறது. நிறுவன வரலாறு கண்டுபிடித்தவரைப் பாடுகிறது. முறுக்கியவரை யாரும் எழுதிவைக்கவில்லை.

நம் ஊர்க் கடை ஷட்டருக்கு அப்படிப்பட்ட நிறுவன வரலாறுகூடக் கிடையாது; அது பட்டறைகளின் தொழில். கோவையில் கணபதிப் பக்கத்துப் பட்டறைகளிலும், அங்கிருந்து வேலைக்குப் போகிறவர்கள் ஷட்டர் மாட்டும் கடை வாசல்களிலும் பார்த்தபோது, மேலே சொன்ன கணிப்பு எனக்கு உறுதிப்பட்டது. பட்டறைக்குள் நடப்பது அளவெடுப்பு, வெட்டு, கோர்ப்பு. நீளமாக வரும் தகட்டுப் பட்டைகளை வாசல் அகலத்துக்கு நறுக்கி, ஒன்றின் சுருட்டு விளிம்புக்குள் அடுத்ததை நுழைத்து, பக்கவாட்டில் நழுவாமலிருக்க ஓரங்களில் லாக் அடிக்கிறார்கள். சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் பழகிய கைக்கு அது கடினமான வேலை இல்லை. கடினம் கடை வாசலில், ஏணிமேல் தொடங்குகிறது. பைப்பின் மேல் ஸ்பிரிங்குகள், அவற்றோடு இணைந்து சுழலும் உருளைகள், உருளைகளிலிருந்து தொங்கும் ஷட்டர். ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பிலும் மறுமுனை உருளையிலும் பிடித்திருக்கும். ஒருவர் பைப் ரிஞ்சால் பைப்பைத் திருகி அந்த முறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பிராக்கெட்டில் யு-போல்ட்டை இறுக்குகிறார். அந்த இடைவெளியில் ரிஞ்ச் நழுவினால் கைவிரலோ முகமோ போகும். ஹெல்மெட்டோ கண்ணாடியோ போட்டிருந்த ஆளை நான் பார்க்கவில்லை.

எத்தனை சுற்று முறுக்குவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. 0.9 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏழு கிலோ. மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட வாசலுக்குத் தட்டையான தகடாகக் கணக்கிட்டாலே 63 கிலோ வந்துவிடும். சுருட்டு விளிம்பும் அடிப்பட்டையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதைக் கடைக்காரர் ஒரு கையால் தூக்குகிறார் என்றால் மிச்சக் கனத்தை ஸ்பிரிங் சுமக்கிறது. ஆனால் ஷட்டர் மேலே ஏற ஏறத் தொங்கும் கனம் குறைகிறது, ஸ்பிரிங்கின் முறுக்கமும் குறைகிறது. அதே நேரம் உருளையில் சுற்றிய சுருள் பருத்து, கனம் இழுக்கும் ஆரம் கூடுகிறது. இந்த மூன்றும் எல்லா உயரத்திலும் சரியாக ஒத்துப்போவதில்லை. ஆகவே பொருத்துகிறவர் ஒரு சமரசத்தைத் தேடுகிறார்: பாதியில் விட்டால் ஷட்டர் நிற்க வேண்டும், இறக்கினால் தரையில் படிய வேண்டும், தூக்கினால் மேலே போய் மோதக் கூடாது. ‘நல்லா லேசா வெச்சுக் குடுங்கண்ணா’ என்கிறார் கடைக்காரர். அதிகம் லேசாக்கினால் அடிப்பட்டை தரையில் நிற்காது என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதும் வேலையில் சேர்த்தி.

இதைக் கைவினை என்று சொல்வது மிகை, ஆலையில் உருட்டிவந்த பட்டையைக் கோர்ப்பதற்குப் பெயர் அசெம்பிளி என்று ஒருவர் மறுக்கலாம். பட்டறை மட்டத்தில் அது சரிதான். போதாததற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6248 இருக்கிறது, அரசுப் பொதுப்பணிக் குறிப்புகள் 27.5 சென்டிமீட்டர் நீள ஸ்பிரிங் என்று அளவே சொல்லிவிடுகின்றன. ஆனால் தரக்குறிப்பு பொருளுக்கு. அது தகட்டின் தடிப்பையும் கம்பியின் வகையையும் சொல்லும். பழைய கட்டடத்தில் தூக்குக் குண்டுக்கு ஒத்துவராத சுவர், ஒரு பக்கம் சாய்ந்த கைடு சேனல், ஒரே பெட்டியிலிருந்து வந்தும் விறைப்பில் மாறும் ஸ்பிரிங்குகள் ஆகியவற்றை எந்தக் குறிப்பும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. அளவு எழுதப்பட்ட இடத்துக்கும் ஷட்டர் இழுபடும் இடத்துக்கும் நடுவே மிஞ்சும் தீர்மானத்தைத்தான் நான் கைத்திறன் என்கிறேன்.

மோட்டார் வந்தால் இந்தத் திறனே வேண்டாமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. பக்கவாட்டில் சங்கிலியோடு வைக்கும் பெரிய மோட்டார் ஷட்டரின் முழுக் கனத்தையும் தானே இழுக்கும். அங்கே ஸ்பிரிங் இல்லாமலே வேலை நடக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பைப்பின் நடுவே பொருத்தும் மோட்டார் ஸ்பிரிங் சமநிலையை நம்பித்தான் சுற்றுகிறது. முறுக்கம் தளர்ந்தால் மோட்டார் சூடேறிக் கெடும். அமெரிக்க அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கே ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே மின்கருவி வந்தும் பெரும்பாலான வீட்டுக் கதவுகள் இன்றும் ஸ்பிரிங்கில்தான் தொங்குகின்றன. தானியங்கிக் கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் 1990ல் சட்டம் வந்தது. 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவுக் கருவிகள், தடை பட்டால் கதவைத் திரும்ப மேலே அனுப்பியாக வேண்டும். கதவு பொருத்துவோருக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதற்கென்றே அங்கு ஓர் அமைப்பும் இருக்கிறது. எந்திரம் கூடக்கூட ஆளின் பயிற்சியும் கூட வேண்டியிருந்தது.

இங்கே நிலைமை என்ன? தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத இடங்களுக்கு. நான் பார்த்த பட்டறைகளில் நாலைந்து பேர். சிறு பட்டறைக்குச் சுமை ஏற்றினால் மூடிவிடும் என்பார்கள். முழுச் சட்டத்தையும் அவர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. ஃபிட்டர், ஷீட் மெட்டல் பிரிவுகளில் ஸ்பிரிங் முறுக்கத்தை ஒரு பாடமாக வைப்பதற்குப் பட்டறைக்காரர் காசு கொடுக்கப்போவதில்லை. முறுக்கத்தில் பைப் திரும்பாமல் தடுக்கும் ஒரு பிடிமானம் இரும்பு வேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியது. ஏணியில் ஏறுபவருக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று வேலை கொடுக்கும் வணிகர் சங்கங்களாவது கேட்கலாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஷட்டர் கனக்கத் தொடங்கினால் கிரீஸ் தடவிச் சமாளித்து நாளைக் கடத்தாதீர்கள். முறுக்கம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான். செலவைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அவர் ஏணியில் நிற்கும்போது அவசரப்படுத்தாதீர்கள்.