முதல் ஆர்மீனிய இதழ் பிறந்த ஊர்

ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதலில் வெளிவந்த இதழ் ‘அஸ்தரார்’. 1794 அக்டோபரில் அது அச்சேறிய ஊர் நம்முடைய சென்னை. இதைப் படித்த நாள்முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தாய்மண்ணிலேயே இல்லாத ஓர் இதழை, கடல் கடந்து பிழைக்க வந்த சிறு வணிகக் கூட்டம் இங்கே எப்படிக் கொண்டுவந்தது?

முதலில் ஆசிரியரைத் தேடினேன். ஹாரூத்தியூன் ஷ்மாவோனியன், பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்த பாதிரியார். ஒரே வாரத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தோடு சென்னைக்கு வந்து, இங்கிருந்த தம் மக்களுக்குக் குருவானார். சொந்தமாக அச்சகமும் போட்டார். மொத்தம் 18 இதழ்கள். 1796இல் நின்றுபோனது.

ஆனால் சென்னையில் ஆர்மீனிய அச்சு அவரோடு தொடங்கவில்லை. 1772இலேயே ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற வணிகர் ஓர் அச்சகம் நடத்தினார். அப்போது ஆர்மீனியா துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் இடையே பங்குபட்டுக் கிடந்தது. விடுதலை பெற்றால் அந்த நாட்டுக்கு எப்படிப்பட்ட சட்டம் வேண்டும் என்று வகுத்துச் சொன்ன நூல் இந்த அச்சகத்தின் வெளியீடு. இல்லாத நாட்டுக்குச் சென்னையில் அரசியல் சட்டம்! இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

இன்னும் பின்னால் போனால் 1688. அந்த ஆண்டு லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆர்மீனிய வணிகர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சரக்கும் கப்பலும் சுங்கமும்தான் அவர்கள் பேசவேண்டியவை. அவற்றோடு இன்னொன்றையும் கேட்டு வாங்கினார்கள்: கம்பெனியின் ஊர்களில் எங்கே ஆர்மீனியர் 40 பேர் சேர்கிறார்களோ, அங்கே கோயில் கட்ட நிலம் தரவேண்டும்; அவர்களுடைய குருவுக்கு ஏழு ஆண்டுகள், ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் தரவேண்டும். இவர்களுடைய முன்னோரை 1600களின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஆர்மீனிய நகரான ஜுல்ஃபாவிலிருந்து பெயர்த்து இஸ்ஃபகானில் குடியேற்றியிருந்தார். ஒருமுறை வேரறுபட்டவர்கள், போகிற இடத்தில் எதை முதலில் ஊன்றவேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். நான் தேடிய தொடக்கம் இந்த ஒப்பந்தம்தான் என்று நினைக்கிறேன். கோயில் இருந்தால் குரு. குரு இருந்தால் எழுத்து. எழுத்து இருந்தால் அச்சு.

பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் இன்று நிற்கும் ஆர்மீனிய தேவாலயமும் 1772இல் எழுந்தது. அச்சகம் வந்த அதே ஆண்டு. மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஒன்று, 19 வயதில் இறந்த எலியாசர் என்ற இளைஞனின் நினைவாக 1778இல் கொடுக்கப்பட்டது. இந்தக் கட்டடத்துக்கும் முந்தைய 1754ஆம் ஆண்டு மணியொன்று 1808இல் மறுபடி வார்க்கப்பட்டபோது அதில் தமிழ் எழுத்துகளும் ஏறின. முற்றத்தில் ஆர்மீனிய எழுத்து பொறித்த கல்லறைகள். ஷ்மாவோனியனும் 1824 முதல் அங்கேதான் உறங்குகிறார்.

அந்தச் சமூகம் சென்னையில் இன்று இல்லையென்றே சொல்லலாம். கோயிலைக் கொல்கத்தா ஆர்மீனியர்கள் பராமரிக்கிறார்கள். 1821இல் அங்கே தொடங்கிய ஆர்மீனியக் கல்லூரி ஈரானிலிருந்தும் ஆர்மீனியாவிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு இன்றும் தாய்மொழி கற்பிக்கிறது.

மூன்று நூற்றாண்டு கடந்தும் இவ்வளவும் கிடைத்ததற்குக் காரணம், யாரோ எழுதி வைத்தார்கள், யாரோ காத்து வைத்தார்கள். உங்கள் ஊர்ச் சபையிலோ ஜமாஅத்திலோ சங்கத்துப் பள்ளியிலோ பழைய ஆண்டு மலர்களும் கணக்குப் புத்தகங்களும் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.