கண் முந்தணும்

கும்பகோணத்தில் என் தாத்தா ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. சித்திரை பிறந்தால் புதுக்கணக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பேரேட்டைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். உள்ளே வெறும் தாள். தேதி, விவரம், பற்று, வரவு என்று பத்தி பிரித்துக் கோடு போடுவது கணக்குப்பிள்ளையின் பொறுப்பு. அச்சடித்த லெட்ஜர் வந்த பிறகும் தன் கையால் போட்ட கோட்டில்தான் தாத்தாவுக்குக் கணக்கு நிற்கும்.

அதற்கென்றே ஓர் உருட்டு ரூல்தடி வைத்திருந்தார். கருங்காலியில் கடைந்தது. எங்கள் கையிலிருந்த அடிஸ்கேல் தட்டையாக இருக்க, தாத்தாவின் தடி மட்டும் ஏன் உருண்டையாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய தாளை எடுத்துப் போட்டு, "உன் பட்டைக் கட்டைய வச்சு மையில ஒரு கோடு போடு பாப்பா" என்றார். கட்டைப்பேனாவைச் சிவப்பு மையில் தொட்டு ஸ்கேலை ஒட்டி இழுத்தேன். ஸ்கேலை எடுத்தபோது அடியில் மை இறங்கிப் பரவியிருந்தது. அடுத்து ரூல்தடியை வைக்கச் சொன்னார். உருண்டைத் தடி தாளைத் தொடுவது அடிவயிற்றில் மட்டும்தான். பேனா உரசிப் போவது அதன் விலாவில், தாளுக்குக் கொஞ்சம் மேலே. மை இறங்க வழியே இல்லை. கோடு முடி போல விழுந்தது.

தடிக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் முனையில் கத்தியால் சின்னதாக ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். கீறல் மேலே இருக்கும்போது ஒரு கோடு. இடது கை விரல்களால் தடியைத் தன் பக்கம் உருட்டுவார். கீறல் ஒரு சுற்று சுற்றி மறுபடி மேலே வந்ததும் அடுத்த கோடு. பக்கம் முழுக்க ஒரே இடைவெளி. அளவு பார்க்க வேண்டாம், புள்ளி வைக்க வேண்டாம். வட்டத்தின் சுற்றளவை எட்டாம் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு உடனே நினைவில் வந்தது தாத்தாவின் விரல்களுக்கடியில் உருளும் அந்தத் தடிதான். அந்தச் சூத்திரம் எனக்கு அதனாலேயே மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் கைக்கு வந்தது மார்ஜின் போடுவதற்காக. எங்கள் அடிஸ்கேல் மரம். ஒரு விளிம்பில் 12 அங்குலம், மறு விளிம்பில் 30 சென்டிமீட்டர். சட்டப்படி மெட்ரிக் அளவு 1956இலேயே வந்துவிட்டது என்றாலும் வீட்டில் தாத்தா அங்குலத்தையும் நூலையும் விடவில்லை, பள்ளியில் சென்டிமீட்டரைத் தவிர வேறு பேச்சில்லை. 30 என்ற எண் 12ஐ எட்டாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுவதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓர் அடி என்பது 30.48 சென்டிமீட்டர். மீதியிருந்த அந்த அரை சென்டிமீட்டருக்கும் குறைவான மரத்துண்டு யாருடைய கணக்கிலும் சேராமல் இருந்ததில் எனக்கு ஒரு வருத்தம்.

ஆனால் கோடு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தவர் டிராயிங் சார். சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது என்பதை ஆண்டோடு சேர்த்துச் சொல்வார், அதில் படித்த பெருமை குரலில் தெரியும். ஆறாம் வகுப்பில் அவர் உள்ளே நுழைந்ததும் பூ வரையச் சொல்வார், கிளி வரையச் சொல்வார் என்று கலர் பென்சிலோடு காத்திருந்தோம். ஸ்கேலை எல்லாம் பைக்குள் வைக்கச் சொன்னார். கோடு போடாத நோட்டில் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. இரண்டையும் கையாலேயே சேர்க்க வேண்டும். எல்லாருடைய கோடும் நடுவில் வயிறு தள்ளி வில்லாக வளைந்தது.

சார் திட்டவில்லை. கரும்பலகையருகே போய் முழங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு முன்கையை மட்டும் ஆட்டினார். சாக்பீஸ் ஒரு வில்லைப் போட்டது. பிறகு மணிக்கட்டை ஊன்றிக்கொண்டார், சின்ன வில். "முழங்கைய ஊனினா கை கவராயம் மாதிரிதாம்மா. அதுக்கு வட்டம்தான் தெரியும். மணிக்கட்டு, முழங்கை, தோள் மூணும் சேந்து நகந்தாத்தான் கோடு நேரா வரும்." சொல்லிவிட்டுப் பலகையின் இடது ஓரத்தில் சாக்பீஸை வைத்தார். கண் வலது ஓரத்தில். கையை அப்படியே வைத்துக்கொண்டு காலை நகர்த்திப் பக்கவாட்டில் நடந்தார். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடு. வகுப்பில் ஒரு சத்தமில்லை. அதன் பிறகு எத்தனையோ ஓவியக் கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு வேறெங்கும் வரவில்லை.

ஆடி மாதம் முழுக்க வெறும் கோடுதான். முதலில் பென்சில் தாளைத் தொடாமல் காற்றிலேயே ஒன்றிரண்டு முறை போய்வர வேண்டும். தோள் அந்தப் பாதையைப் பழகியதும் தாளில் இறக்கலாம். படுக்கைக் கோடு இடமிருந்து வலம், நிற்கும் கோடு மேலிருந்து கீழ். நீளக் கோடென்றால் ஒரே மூச்சில் இழுக்காமல், ஓரிடத்தில் நிறுத்தி, மயிரிழை இடைவெளி விட்டுத் தொடரலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால்தான் அசிங்கம். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "பென்சில் நுனியப் பாக்காதம்மா. அது எங்கயும் ஓடிப்போயிடாது. போய்ச் சேர வேண்டிய புள்ளியப் பாரு. கண்ணு முந்தணும், கை பிந்தணும்." அப்படிப் பார்த்துக்கொண்டே இழுத்த ஒரு நாள், கை தானாகப் போய்ப் புள்ளியில் இறங்கியது. உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி. பக்கத்தில் இருந்தவளைத் தட்டிக் காட்டினேன். அவளும் அதே வாரம் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் இதை எனக்கு முன்பே அம்மா வாராவாரம் செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை படிக்கோலம். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் துணியை நனைத்து, விரலால் பிழிந்து இழுக்கும் இழைக்கோலம். எங்கள் வீட்டில் ஒற்றை இழை இழுக்க மாட்டார்கள், அது நல்ல காரியத்துக்கு ஆகாது. எப்போதும் இரட்டை இழைதான். குனிந்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டு போவாள். எந்தப் புள்ளியும் இல்லாமல் எப்படி நேராக வருகிறது என்று கேட்டேன். "முதல் இழையத்தான் பாத்து இழுக்கணும். ரெண்டாவதுக்கு முதல்தான் காவல். முதல் கோணிட்டா அத்தனையும் கோணிப் போயிடும்டி" என்றாள். சார் புள்ளியைப் பார்க்கச் சொன்னார், அம்மா பக்கத்துக் கோட்டைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு பேருமே கையைப் பார்க்கச் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்பில் சார் ஸ்கேலை மறுபடி வெளியே எடுக்கச் சொன்னார். இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தோம். அதற்கும் பாடம் இருந்தது. ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும், அதனால் ஒன்றிலிருந்து அளக்கத் தொடங்கு. அளவைப் பார்க்கும்போது கண் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும், சாய்ந்து பார்த்தால் அளவு மாறும். இடது கை விரல்களை விரித்து நடுவில் அழுத்து. பென்சிலைப் போகிற பக்கம் சாய்த்து இழு, தள்ளாதே. இழுக்கும்போதே விரலுக்குள் மெல்லத் திருப்பிக்கொண்டு போ. முனை ஒரு பக்கம் தேயாமல் கோடு கடைசிவரை ஒரே தடிமனாக வரும். சிவப்புக் கறுப்புப் பட்டை போட்ட நடராஜ் பென்சிலை அப்படித் திருப்பும்போது பட்டைகள் மாறி மாறி வருவதைக் கண்ணோரத்தில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

ஸ்கேல் நேரா என்று சோதிக்கவும் கற்றுத்தந்தார். இரண்டு புள்ளி வைத்துச் சேர். ஸ்கேலைக் குப்புறத் திருப்பி, அதே விளிம்பை அதே புள்ளிகளில் பொருத்தி இன்னொரு கோடு போடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஸ்கேல் நேர். நடுவில் மெல்லிய பிளவு தெரிந்தால் ஸ்கேல் வளைந்திருக்கிறது. மழைக்காலத்தில் பைக்குள் நனைந்த மர ஸ்கேல்கள் பலவும் அந்தச் சோதனையில் வாய் பிளந்தன. இன்றைக்கும் கடையில் ஸ்கேல் வாங்கினால் இதைச் செய்து பார்த்துத்தான் காசு கொடுப்பேன்.

பின்னாளில் அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கான லோயர் கிரேடு எழுதினேன். கையால் வரையும் ஃப்ரீஹாண்ட் ஒரு பாடம், கருவிகளோடு வரையும் ஜாமெட்ரிகல் டிராயிங் ஒரு பாடம். இரண்டுக்கும் ஆடி மாதத்து வெறும் கோடுகளே போதுமாயிருந்தன. ஸ்கேல் நேரைக் கொடுக்கும். ஒரே அழுத்தத்தையும், மூலையில் கச்சிதமாக நிற்பதையும் கைதான் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும். 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம் கற்றுத்தருகிறவர்களும் அதில் உண்டு. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். அந்த மூன்று அரை நாளில் எத்தனை வகுப்புக்குத்தான் போவார் ஒருவர்? தேர்வு நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது எங்கள் காலத்திலும் இருந்தது. எங்கள் சார் விட்டுக்கொடுக்க மாட்டார், கணக்கு டீச்சரிடம் போய்த் தன் பீரியடைக் கேட்டு வாங்கி வருவார். அப்படிக் கேட்டு வாங்க ஒரு முழுநேர ஓவிய ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். கரும்பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருவர் நடந்து கோடு போடுவதை எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.