முட்டுக்கட்டை

முட்டுக்கட்டை என்னும் சொல்லுக்கு நம்மிடையே நற்பெயர் இல்லை. ஒருவர் தொடங்கிய நற்பணியை மற்றொருவர் தடுத்தால், ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று குறைகூறுகிறோம். ஆயினும், தேரோடும் வீதியில் நின்று பார்த்தவர்கள் அச்சொல்லை இகழமாட்டார்கள். ஊர்கூடி வடம்பிடித்து இழுக்கும் தேரை, வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வீதி முனையில் திருப்பவும் சக்கரத்தின் அடியில் கட்டையிடுபவர் ஒருவர் இருக்கிறார். இழுப்பவர்களின் வலிமை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது அவருடைய பொறுப்பு.

மோட்டார் வண்டியின் அடியிலும் அத்தகைய முட்டுக்கட்டை உண்டு. பட்டறைகளில் அதனைப் ‘பம்ப் ஸ்டாப்’ என்பர். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது, அச்சு மேலேறி வண்டியின் சட்டகத்தில் மோதாதபடி இடைநின்று தாங்கும் ரப்பர்த் துண்டு அது. உள்ளங்கையில் அடங்கும் அப்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இத்துணைச் சிந்தனை வேண்டுமா என்று கேட்கலாம். வண்டியைச் சற்றே உயர்த்திக் காட்டுப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு வேண்டும் என்பதே என் விடை.

நம் நாட்டின் ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். சில இடங்களில் மாரியம்மன் கோயில் மட்டும் பனைகளுக்கிடையே நிலைத்து நிற்கிறது. அத்தகைய கோயில் ஒன்றின் ஆண்டுத் திருவிழாவிற்கு, ஒரு காலத்தில் அங்கே பால்வெட்டிய முதியவர்களை என் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 வண்டியில் அழைத்துச் செல்வது என் வழக்கம். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் ஓடியோடி, அச்செம்மண் பாதையில் இருபுறமும் பள்ளமும் நடுவே மேடுமாக ஆகியிருந்தன. வண்டியின் வயிறு அம்மேட்டில் உராயாதிருக்கவே, 50 மில்லிமீட்டர் உயரம் தரும் ஸ்பிரிங்குகளையும், அவற்றிற்கேற்ற நீண்ட அப்சார்பர்களையும் பொருத்த முடிவு செய்தேன். வண்டியின் அமைப்பை மாற்றுவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளுக்கு உட்பட்டது. ஆதலின், அதனை முதலில் விசாரித்தறிதல் நன்று.

உயர்த்திய பிறகுதான் முட்டுக்கட்டையின் அருமை புலனாகும். ஸ்பிரிங் நீண்டதால், அச்சுக்கும் முட்டுக்கட்டைக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. இது நன்மைபோலத் தோன்றும். ஆனால், நீண்ட அப்சார்பரின் உடலும் பெரும்பாலும் நீண்டதாகவே இருக்கும். முன்னைப்போல் அது குறுகி மடங்காது. எனவே, அச்சு மேலேறும்போது முட்டுக்கட்டை அமுங்கி முடிவதற்கு முன்பே அப்சார்பர் முழுவதும் மூடிக்கொள்ளக்கூடும். அதன்பின் இரும்பு இரும்பை அடிக்கும். அப்சார்பரின் உட்பகுதி சிதையும். அதனைத் தாங்கும் பிடிகள் முறியும்.

இதற்குப் பட்டறைகளில் கூறப்படும் எளிய தீர்வு, ‘எவ்வளவு உயர்த்தினோமோ, அவ்வளவு முட்டுக்கட்டையையும் நீட்டிவிடு’ என்பதாகும். கேட்பதற்கு நேர்மையாக இருப்பினும், இவ்விதியை நான் ஏற்கவில்லை. காரணத்தை எளிய எண்களால் விளக்குவேன்.

ஆட்கள் ஏறிய நிலையில், பின்னச்சுக்கும் முட்டுக்கட்டைக்கும் இடையே 90 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அப்சார்பர் முழுவதும் மூடுவதற்கு அச்சு 95 மில்லிமீட்டர் மேலேற வேண்டும் எனவும், வலுவான மோதலில் ரப்பர் 20 மில்லிமீட்டர் அமுங்கும் எனவும் கொள்வோம். முட்டுக்கட்டையை நீட்டாவிட்டால், அது அமுங்கி முடியும் எல்லை 110 மில்லிமீட்டர். அதற்குள் அப்சார்பர் அடிவாங்கிவிடும். 50 மில்லிமீட்டர் நீட்டினால், அச்சு 40 மில்லிமீட்டர் ஏறியவுடனே முட்டிக்கொள்ளும். அப்சார்பருக்குத் தீங்கில்லை, ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் இடி விழும். 25 மில்லிமீட்டர் நீட்டினாலோ, 65இல் தொட்டு 85இல் அமுங்கி முடியும். அப்சார்பருக்கு 10 மில்லிமீட்டர் பாதுகாப்பும் மிஞ்சும். வண்டியை உயர்த்திய அளவு ஒன்று. முட்டுக்கட்டைக்கு வேண்டிய அளவு வேறொன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, பிறர் கூறும் அளவை நம்பாமல் அளந்தறிவதே முறை. வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் அச்சை மெல்ல உயர்த்த வேண்டும். அப்சார்பர் மூடுவதற்கு எவ்வளவு மிச்சம், டயர் எங்கே உரசுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரு சக்கரங்களையும் ஒருசேர உயர்த்திப் பார்த்தால் மட்டும் போதாது. முட்டுக்கட்டை, சக்கரத்திற்கு உட்புறமாக அமைந்திருக்கிறது. அச்சு ஒருபுறம் சாயும்போது, முட்டுக்கட்டை தொடும் இடத்தைவிடச் சக்கரம் அதிகமாக மேலேறும். ஆதலால் ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தியும், முன்சக்கரங்களை இருபுறமும் திருப்பியும் சோதிக்க வேண்டும்.

அடுத்தது, எப்பொருளால் ஆனதை வாங்குவது என்னும் கேள்வி. கெட்டியான பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அஞ்சாது; நெடுநாள் உழைக்கும்; எனினும், அதிகம் அமுங்காமல் அடியை அப்படியே சட்டகத்திற்குக் கடத்திவிடும். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பாலியூரித்தேன் மென்மையானது. தன் உயரத்தில் பாதிக்குமேல் அமுங்கியும் பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. ஆனால், பாலியூரித்தேன்களுள் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தவை வெப்பமும் ஈரமும் சேர்ந்த சூழலில் காலப்போக்கில் நைந்துபோகும். நம் நாட்டில் அவ்விரண்டுக்கும் குறைவில்லை. எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் கொண்ட நீரியல் வகை பந்தய வண்டிகளுக்குரியது. சிறிய உயர்வுக்கு அது மிகையான செலவு.

எஞ்சியது இயற்கை ரப்பர். அதற்கு எண்ணெய் ஆகாது. காலப்போக்கில் வெடிப்பும் காணும். ஆயினும், கூம்பு வடிவில் வார்த்தால் முதலில் இளகிக்கொடுத்து, அமுங்க அமுங்க விறைத்து, மோதலைப் படிப்படியாக விழுங்கும். இழுபடுகையில் அதன் மூலக்கூறுகள் ஒழுங்குற அணிவகுத்துக்கொள்வதால், எளிதில் கிழியாது. 1985ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் கட்டப்பட்ட நீதிமன்ற வளாகம் ஒன்று, நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிறுத்தப்பட்டது. அத்தாங்கிகளை உருவாக்கியதில் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுக் கழகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. கட்டடத்தைத் தாங்கும் பொருள், அச்சின் அடியைத் தாங்காதா?

நான் தேர்ந்தெடுத்தது கூம்பு வடிவ இயற்கை ரப்பர் முட்டுக்கட்டையும், அதன்மேல் 25 மில்லிமீட்டர் இரும்புத் துண்டும். இது பழம்பற்றினால் செய்த முடிவன்று. அளவும் தட்பவெப்பமும் சொன்ன முடிவு. அவற்றைவிட உரத்துச் சொன்னது இன்னொன்று. என் வண்டியின் பின்புறத்தில் எதிரெதிராக அமைந்த நீளிருக்கைகள், பின்சக்கர வளைவுகளின் மேலேயே இருக்கின்றன. ஓட்டுபவனுக்கு மெல்லிய அதிர்வாகத் தெரிவது, அங்கே அமர்ந்திருக்கும் எழுபது வயது முதுகெலும்பில் இடியாக இறங்கும். “தம்பி, இடுப்பு தாங்கலப்பா, மெல்லப் போ” என்று பின்னாலிருந்து வரும் குரலைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்கள் ஏறிய நிலையில் அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனாலேயே. வெறும் வண்டியில் அளந்தால் வண்டிக்குப் பொருந்தும், ஏறுபவர்களுக்குப் பொருந்தாது.

1877ஆம் ஆண்டு இருபத்திரண்டு ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அதன்பின் பெருகிய தோட்டங்களில், விடியுமுன் எழுந்து மரம் மரமாகச் சென்று பால்வெட்டிய தலைமுறை, நம்மைக் கல்வியென்னும் மேட்டில் ஏற்றிவைத்தது. நாம் உயர்ந்தோம், உயர்ந்த அளவைப் பிறர் அறியக் கூறவும் கற்றுக்கொண்டோம். நம் ஓட்டத்தின் அதிர்வு எவர் முதுகில் இறங்குகிறது என்று அளந்தறிவதும் கல்வியின் பாற்பட்டதே. உயரத்தை விரும்புபவன், தான் நிற்க வேண்டிய எல்லையையும் தானே அளந்து, அங்கே ஒரு முட்டுக்கட்டையை வைத்துக்கொள்ளட்டும். அது இரும்பாக அன்றி, ரப்பராக இருக்கட்டும்.