பக்கத்தில் நின்ற எதிராளி



பள்ளி விட்டதும் நீங்கள் ஓடிய வீடியோ கேம் கடை நினைவிருக்கிறதா? 1991-ல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் எட்டுப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். தந்தையைக் கொன்றவனைத் தேடும் சுன்-லி. ஏழை ஊருக்குப் பணம் திரட்டச் சண்டைக்கு வரும், கைகால் நீளும் நம் நாட்டு யோகி தால்சிம். அடுத்தடுத்து விழும் 'காம்போ' அடி, உருவாக்கியவர்களே திட்டமிடாதது. சோதனையில் கண்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

எதிராளி பக்கத்திலேயே தோள் உரச நின்றான். தோற்றவன் நகர்ந்து நின்று, ஜெயித்தவன் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். இன்று பல பிள்ளைகளுக்கு எதிராளியின் முகமே தெரியாது. அப்பாக்களாகிவிட்ட நீங்கள், போனைப் பிடுங்குமுன் ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தோற்றுப் பாருங்கள்.

உங்களுக்குப் பிடித்த வீரர் யார்? கீழே எழுதுங்கள்.