கரிசல் மண்ணும் ஒரு காமிராவும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நெடுஞ்சாலையில் சாத்தூரைத் தாண்டியதுமே மண்ணின் நிறம் நன்றாகக் கறுத்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிசல் காடு. கோடையில் போனால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கார்த்திகையில் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், அப்படி ஒட்டும். இந்தச் சீமைக்கு வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் எல்லாமே வானம் பார்த்த வெள்ளாமை. அதனாலேயோ என்னவோ, இந்த ஊர்ப் பெண்கள் ஒரு ரூபாயைச் செலவழிக்கும் முன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

இந்தக் கரிசலின் நடுவே இருப்பது கோவில்பட்டி. ஊருக்குள் செண்பகவல்லி அம்மன் கோயில். பதினைந்து கிலோ மீட்டர் தூரத்தில் 1882ல் பாரதியார் பிறந்த எட்டயபுரம். இன்னொரு பக்கம் போனால் கழுகுமலை. மலையைக் குடைந்து பாண்டியர்கள் செதுக்கிய வெட்டுவான் கோயிலைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவருக்கும் சொந்த ஊரான இடைசெவல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே சிற்றூரில் பிறந்த இருவருக்கு சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது சாதாரண விஷயமா!

கோவில்பட்டியில் என் நாத்தனார் வீடு இருக்கிறது. அவருடைய பேரனுக்கு முடியிறக்கக் கழுகுமலைக்குப் போனபோது, "போட்டோவை நம்ம காமிராவிலேயே எடுத்துடலாமே" என்றேன். நாத்தனார் மகளின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவள் கணவர் ஒரு நல்ல காமிராவை இணையத்தில் வாங்கியிருக்கிறார். பெரிய வியாபாரத் தளம்தான். ஆனால் விற்றது அந்தத் தளம் அல்ல. அதில் இடம் பிடித்துக் கடை விரித்திருந்த வேறொரு வியாபாரி. கடை விலையை விடப் பன்னிரண்டாயிரம் ரூபாய் குறைவு. பெட்டி வந்தது, காமிராவும் அசல்தான். சார்ஜரின் பிளக் மட்டும் நம் வீட்டுச் சுவரில் பொருந்தவில்லை. அப்போதே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து லென்ஸ் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது. மதுரைக்கு எடுத்துப் போனார்கள். அங்கே வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவில் விற்க வந்த காமிரா இல்லை. இங்கே வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்த வாரண்டி அட்டையும் வேறு தேசத்துடையது. ஒழுங்கான பில்லும் இல்லை. விற்றவரின் தொலைபேசி அடிக்கவே இல்லை.

"பாத்தியா தாயி, வெண்டைக்காய் வாங்கினாக்கூட நுனியை ஒடிச்சுப் பாத்துத்தான வாங்குதோம். பன்னெண்டாயிரம் மிச்சம்னு மருமகப்பிள்ளை சந்தோஷப்பட்டாக. இப்ப ரிப்பேருக்கு அதுக்கு மேல கேக்கான்" என்றார் நாத்தனார்.

இது புதிய சங்கதி இல்லை. சென்னையில் 1969ல் பர்மா அகதிகளின் பிழைப்புக்காக ஏற்பட்ட பர்மா பஜாரில் பில் இல்லாத 'ஃபாரின்' காமிரா வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ! அன்றைக்கு விற்பவரின் முகமாவது தெரியும். இன்றைக்கு அதுவும் தெரிவதில்லை. இப்படி வரும் சரக்கு எப்போதும் போலி என்று சொல்ல முடியாது. பல சமயம் சரக்கு அசல். வந்த வழிதான் வேறு. தயாரித்த கம்பெனி இந்த நாட்டில் விற்க நியமித்தவர் வழியாக வராமல் பக்கவாட்டில் நுழைந்திருக்கும். சில இடங்களில் பெட்டியைப் பிரித்து, அசல் பாட்டரியை எடுத்துத் தனியாக விற்றுவிட்டு, மட்டமான பாட்டரியைப் போட்டு அனுப்புவதும் உண்டு. மட்டமான பாட்டரி சூடேறி உப்பினால் தீப்பற்றக்கூடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது தேவையா?

மறுநாள் நாத்தனாருடன் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். ஆம், தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, 'ஆபீஸ்'தான்! சிவகாசியில் 1923 வாக்கில் தொடங்கிய இந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை என்று பரவியது. மழை பொய்த்த வருஷங்களில் கரிசல் குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது இதனால்தான். ஒரு காலத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் இந்த வேலையில் இருந்தார்கள் என்பது வேதனையான உண்மை. 1986ஆம் வருஷச் சட்டம் அதைத் தடை செய்தது. இன்றைக்கு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருந்து முக்கும் வேலையைப் பல இடங்களில் இயந்திரம் செய்கிறது. ஒரு பிடி குச்சியை அள்ளினால் எண்ணிப் பார்த்தது போல் பெட்டிக்குள் அடைக்கிற விரல்களைப் பார்த்து அசந்து போனேன். 600 பெட்டி சேர்ந்தது ஒரு பண்டல்.

"லைட்டர் நெறைய எறங்குனப்போ வாரத்துல மூணு நாளுதாங்கா வேலை இருந்துச்சு" என்றாள் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், கையை நிறுத்தாமலே.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வீட்டில் காமிராவால் பட்டதும் இங்கே இவர்கள் படுவதும் ஒரே வழியில் வந்த கஷ்டம்தானே! மூலப்பொருள்களின் விலை ஏறியதால், 14 வருஷமாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. அதே சமயம் பத்து ரூபாய்க்குச் சீன லைட்டர்கள் மூலைக்கு மூலை கிடைத்தன. அவற்றைத் தடை செய்யக் கேட்டுத் தமிழக முதல்வர் 2022ல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் மாதம், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. உடனே சிலர் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டத் தொடங்கினார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. பொய்க் கணக்குக் காட்டி வந்த லைட்டர்கள் பக்கத்துத் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே பிடிபட்டிருக்கின்றன.

எல்லா லைட்டரும் திருட்டுத்தனமாக வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் செய்தது, எங்கே வந்தது என்று எதுவும் அச்சிடாத லைட்டரை வாங்காதீர்கள். அதற்குள் இருப்பது எரிவாயு. வெயில் படும் ஜன்னலோரத்திலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைத்தால் ஆபத்து. தீப்பெட்டியோ லைட்டரோ, எதுவானாலும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் பற்பசை, மை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் மெல்ல ஓட விட்டு, பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.

கோவில்பட்டிக்குப் போய்விட்டுக் கடலை மிட்டாய் வாங்காமல் வருவதா? இங்கே பிரச்சினை தலைகீழ். சரக்கு வேறு ஊருடையது, பெயர் மட்டும் கோவில்பட்டி! கரிசலில் விளைந்த நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வெல்லப்பாகு பதம் வந்ததும் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பித் தேய்த்து, வில்லை போடுகிறார்கள். பாகுப் பதத்தில்தான் சூட்சுமம். கடித்தால் 'மொறுக்' என்று உடைய வேண்டும், பல்லில் ஒட்டக் கூடாது. 2020 ஏப்ரல் 30 அன்று இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் செய்வதற்குத்தான் இனி அந்தப் பெயர் உரிமை. ஆகவே இணையத்தில் வாங்கினாலும், பாக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரியைப் படித்துப் பாருங்கள்.

ஊர் திரும்பும் முன் நாத்தனார் மகளுக்கு எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்:

விற்பவர் யார் என்று முதலில் பாருங்கள். தளத்தின் பெயர் வேறு, விற்பவர் பெயர் வேறு. விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்தது ஆகியவற்றைத் தளம் காட்ட வேண்டும் என்று 2020ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன.

காமிரா கம்பெனியின் இந்திய இணையப் பக்கத்தில் அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியல் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். 'இன்டர்நேஷனல் வாரண்டி', 'கடை வாரண்டி' என்று போட்டிருந்தால் உஷார்.

பெட்டி வந்ததும் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி, பில், காமிரா மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியைப் பிரிப்பதைப் போனில் படம் பிடித்து வையுங்கள்.

ஏதாவது குறை என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சரியான பதில் இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால், 2019ஆம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நாத்தனார் வீட்டிலும் 1915க்குப் பேசிப் புகார் எண் வாங்கியிருக்கிறார்கள். பதில் இனிமேல்தான் வர வேண்டும். மொட்டைத் தலையும் சந்தனமுமாகச் சிரித்த குழந்தையைக் கழுகுமலையில் ஒரு ஸ்டூடியோக்காரர் அழகாகப் படம் எடுத்துக் கொடுத்தார். கேட்காமலே பில்லும் கொடுத்தார்!

கோவில்பட்டிப் பக்கம் போக விரும்பும் சகோதரிகள் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் போங்கள். காடெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். ரயில், பஸ் இரண்டும் வசதி. வரும்போது கால் கிலோ கடலை மிட்டாயும் பத்துத் தீப்பெட்டியும் வாங்கி வாருங்கள்.