வாடகை வீட்டு ஹீட்டிங்: கொஞ்சம் மருத்துவம், கொஞ்சம் சட்டம்

1. இங்கிலாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து வாடகை வீட்டில் இருக்கும் நம்ம ஆட்களுக்காக இந்த த்ரெட். பாய்லர் பற்றி டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். குளிர்காலத்தில் எமர்ஜென்சிக்கு வரும் மூச்சுத்திணறலிலும் நெஞ்சுவலியிலும் ஒரு பங்கு, வீட்டுக்குள் இருக்கும் குளிரால் வருவது. அதனால்தான் எழுதுகிறேன்.

2. ஒரே ஒரு எண்ணை மனசில் வையுங்கள்: 18. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். கைக்குழந்தை, வயசானவங்க, இதய நோயாளி, ஆஸ்துமா உள்ளவங்க இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

3. காரணம் எளிது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பி.பி. ஏறும், ரத்தம் சற்று கெட்டியாகும், இதயத்துக்கு வேலை கூடும். பேரக்குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாக்கள், "இங்க வந்ததுலேருந்து பி.பி. மாத்திரை கேக்கவே மாட்டேங்குது தம்பி" என்பார்கள். மாத்திரையை மாற்றும் முன் நான் பக்கத்தில் நிற்கும் மகனிடம், வீட்டில் எத்தனை டிகிரி என்று கேட்பேன். "பில் அதிகமா வருது டாக்டர், 14-ல வச்சிருக்கோம்" என்று பதில் வரும்.

4. தெர்மோஸ்டாட்டை நாம் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைக்கிறோம். கூட்டி வைத்தால் சீக்கிரம் சூடாகும்னு 30-ல் வைக்கிறோம். அப்படி ஆகாது. வீடு அதே வேகத்தில்தான் சூடாகும், ஆனால் தேவையான இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். பில்லும் கூடவே ஏறும். 19, 20-ல் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். ஆள் இல்லாத அறையில் ரேடியேட்டர் வால்வை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

5. ஹீட்டரை அணைத்து, ஜன்னலை இறுக்கி மூடி, ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவது நம்ம ஆட்களின் சிக்கனம். துணியின் ஈரமும் சாம்பார் கொதிக்கிற ஆவியும் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படியும். பிறகு அங்கே கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், தினமும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறங்கள்.

6. ஆனால் எல்லாப் பூஞ்சைக்கும் குடியிருப்பவர் காரணமில்லை. 2020 டிசம்பரில் ராச்டேலில் இறந்த அவாப் இஷாக் இரண்டு வயதுக் குழந்தை. பெற்றோர் பலமுறை புகார் சொல்லியிருந்தார்கள். நீண்ட நாள் பூஞ்சைக்கு ஆளானதே சாவுக்குக் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. அந்தக் குழந்தை பெயரால் வந்த சட்டம், 2025 அக்டோபர் 27 முதல் சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது.

7. யார் பொறுப்பு எது? டிகிரியை வைப்பது நாம். பாய்லர், ரேடியேட்டர், சுடுதண்ணீர் அமைப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது ஓனர். 1985 சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கேஸ் இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்ற இன்ஜினியர் சோதிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் நகல் 28 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு முன்னாடியே தர வேண்டும்.

8. என் வாடகை வீட்டிலும் நடந்தது. பாய்லர் பிரஷர் ஒரு பாருக்கு மேல் இருக்கணும், வாரா வாரம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஏஜென்ட்டுக்குப் போன் செய்தால், "தண்ணி ஏத்திக்கோங்க" என்பார். மூன்று முறை ஏற்றினேன். நாலாவது முறை போன் செய்யவில்லை. தேதி, மீட்டர் போட்டோ, வீட்டு டிகிரி, குழந்தை வயசு எல்லாம் போட்டு ஈமெயில் எழுதினேன். இரண்டு நாளில் ஆள் வந்தது. தரைக்கடியில் குழாய் கசிந்துகொண்டிருந்தது. போனில் சொன்னது காற்றோடு போகும், எழுதினது நிற்கும்.

9. பில் உள்பட வாடகை என்று எடுக்கும் மாணவர்கள் கவனிக்கவும். பல வீடுகளில் தெர்மோஸ்டாட் ஓனரின் போனில் இருக்கும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அறைக்கு ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி ஒரு வாரம் டிகிரியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசையவில்லை என்றால் கவுன்சிலின் என்விரான்மென்டல் ஹெல்த் பிரிவுக்கு எழுதுங்கள். அளவுக்கு மீறிய குளிரும் அவர்கள் கணக்கில் ஓர் ஆபத்துதான்.

10. இப்போது உயிர் போகும் விஷயம். ஒரே வீட்டுப் பையன்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தலைவலி, வாந்தி. முந்தின நாள் பிரியாணிதான் காரணம் என்றார்கள். "வெளிய போனா சரியாயிடுதா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். மூன்று பேர் ரத்தத்திலும் கார்பன் மோனாக்சைடு. பழைய பாய்லர், அலாரம் இல்லை. நல்லவேளை, மூவரும் பிழைத்தார்கள்.

11. இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று பொய் சொல்லும், நம்பாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். கேஸ் அவசர எண் 0800 111 999. மயக்கம், குழப்பம் இருந்தால் 999.

12. கேஸ் பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் ஓனரின் கடமை. இல்லையென்றால் கேளுங்கள். வரும்வரை காத்திருக்காமல் ஒன்று வாங்கி வையுங்கள், வாடகையோடு ஒப்பிட்டால் அது ஒரு காசே இல்லை.

13. "கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்ற பயம் எனக்குத் தெரியும். விசாவில் இருப்பவர்களுக்கு அது இரட்டைப் பயம். ஆனால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை, வாடகைக்குள் அடங்கிய விஷயம். மரியாதையாக, எழுத்தில், தேதியோடு கேளுங்கள்.

14. இன்றைக்கே மூன்றைப் பாருங்கள்: ஹாலில் எத்தனை டிகிரி, கேஸ் சான்றிதழில் என்ன தேதி, அலாரம் பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதா. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்பிவையுங்கள்.