வயசு என்ன?

2020இல் சாவுச் செய்தி சொல்ல யார் போன் பண்ணினாலும் எங்கள் வீட்டில் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "வயசு என்ன?" எழுபத்தெட்டு என்று பதில் வந்தால் அப்பா "ம்ம்" என்பார். அதில் வருத்தம் பாதி, நிம்மதி பாதி. வயது குறைவாக இருந்துவிட்டால் இன்னொரு கேள்வி தயாராக இருக்கும்: "சுகர் இருந்துச்சா?"

மதுரைக்காரர்களுக்கு இந்த விசாரணை அந்த வருஷம் மார்ச் 25ஆம் தேதியே தொடங்கிவிட்டது. தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் அன்று விடிவதற்குள் எங்கள் ஊர் ராஜாஜி அரசு மருத்துவமனையில் நடந்தது. இறந்தவருக்கு 54 வயது. கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் எல்லாம் இருந்தன என்று அமைச்சர் தெரிவித்தார். ஊரடங்கின் முதல் நாள் அது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மாடிக்கு மாடி குரல் கொடுத்துப் பேசிக்கொண்டார்கள். "ஐம்பத்திநாலாம்... ஆனா சுகராம்." அந்த "ஆனா"வைப் பிடித்துக்கொண்டுதான் அன்று தெருவே தூங்கப் போனது.

அதற்கு முந்தைய மாதமே சீன நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்று உறுதியான 44,672 பேரை வயதுவாரியாகப் பிரித்து ஒரு கணக்கு வெளியிட்டிருந்தது. மொத்தத்தில் நூறுக்கு 2.3 பேர் இறந்திருந்தார்கள். நாற்பதுகளில் இருந்தவர்களில் 0.4, அறுபதுகளில் 3.6, எழுபதுகளில் 8, எண்பதைத் தொட்டவர்களில் 14.8. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. பேப்பரில் வந்த அந்தப் பட்டியலில் அப்பா விரலை வைத்துத் தன் வரியைத் தேடினார். தம்பி தன் வரியைப் பார்த்துவிட்டு, "இனிமே கடைக்கு நான்தான் போவேன்" என்றான். அப்பத்தாவின் வரியை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அவளுக்கு அந்தப் பட்டியலே தேவைப்படவில்லை. இத்தாலியிலிருந்து வந்த மகன் குடும்பத்தால் தொற்று ஏற்பட்டு, கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் கிடந்த பத்தனம்திட்டைத் தம்பதியின் கதை அவள் காதுக்கு வந்துவிட்டது. கணவருக்கு 93, மனைவிக்கு 88. ஏப்ரல் தொடக்கத்தில் இருவரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். "அந்தக் கெழவன் கெழவிய இன்னொருக்கா சொல்லு" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்பாள். பழைய சோறுதான் காப்பாற்றியிருக்கும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

நோய் என்றாலே கிழடுகளைத்தான் தேடி வரும் என்பதை அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. அம்மை போட்ட வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். நண்டும் சிண்டும் வேப்பிலையைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருக்கும். அதே சின்னம்மை கண்ட தகப்பன்காரன் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டான். அவளுடைய ஆயா சொன்ன இன்னொரு கதையும் உண்டு. ஏதோ ஒரு விஷக்காய்ச்சல் வருஷத்தில் கிழவிகள் தப்பித்து, கைப்பிள்ளைக்காரிகள் போய்ச் சேர்ந்தார்களாம். கணக்குப் பார்த்தால் அது 1918 இன்ஃப்ளூயன்ஸாவாகத்தான் இருக்க வேண்டும். உலகம் முழுக்க இருபதிலிருந்து நாற்பது வயது வரை இருந்தவர்களை அள்ளிக்கொண்டு போன காய்ச்சல் அது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வயது பிடிக்கும்போலிருக்கிறது.

2021 மே மாதம் கொரோனா எங்கள் வீட்டுக்குள் வந்தபோது எல்லா வயதும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆறு வயது மருமகள், முப்பத்தைந்து வயது தம்பி, அறுபத்திரண்டு வயது அப்பா, எண்பத்திநாலு வயது அப்பத்தா. அந்த மாதம் தமிழகத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை முடிவு ஒன்றுதான். ஆளாளுக்கு வந்த நோய்தான் வேறு வேறாக இருந்தது.

குட்டிக்கு ஒரு ராத்திரி உடம்பு சுட்டது. காலையில், "அத்தை, பூரி போடு" என்றாள். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளின் மூக்கு, தொண்டைச் செல்கள் கிருமியைக் கண்டதும் அபாயச் சங்கு ஊதுவதில் பெரியவர்களை முந்திக்கொள்ளும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்டர்ஃபெரான் என்ற தடுப்புப் புரதம் உடனே சுரந்து, வைரஸ் பெருகுவதற்குள் மடக்கிவிடுகிறது.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஒரு நாள் சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குள் திணிக்காத குறையாக வைத்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுமே வரலைக்கா." வாசனை நரம்புக்குத் துணை நிற்கும் செல்களை வைரஸ் தாக்கியதால் வருவது அது. வாசனை திரும்பி வந்தது. ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காரும் வழக்கம் அந்த வருஷக் கடைசி வரைக்கும் போகவில்லை.

அப்பாவுக்கு முதல் வாரம் சாதாரணமாகத்தான் போனது. இரண்டாவது வாரத் தொடக்கத்தில் ஆக்சிமீட்டர் 88 காட்டுகிறது. மனுஷர் புது மந்திரிசபையில் யார் யாருக்கு என்ன இலாகா என்று பேசிக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்கவே இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சரிவதை உடம்பு உணராமல் ஏமாறுவது இந்த நோயின் பெரிய சூது. அந்தக் கட்டத்தில் வைரஸைவிட உடம்பின் எதிர்ப்புதான் எமன். திருடனைப் பிடிக்க வந்த கூட்டம் வீட்டையே இடித்துத் தள்ளுவதுபோல. அதை அடக்க ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு போட்டார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியது. சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வருகிறது என்ற செய்தி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தன் கண்ணைத் தடவிக்கொண்டே இருந்தார் அப்பா. குப்புறப் படுத்தே தேறி வந்தார்.

அப்பத்தாவுக்குக் காய்ச்சலே இல்லை. இருமல் இல்லை, தொண்டைவலி இல்லை. வெற்றிலை உரலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள், அதுதான். பாக்கு இடிக்கும் சத்தம் இல்லாத காலையை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. மத்தியானம் என்னைத் தன் செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போனில் டாக்டர் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "சாப்பிடுறாங்களா? பேச்சு நெதானமா இருக்கா? எங்கயாவது விழுந்தாங்களா?" என்றுதான் கேட்டார். மூத்த உடம்புக்குச் சூடேற்றிப் போராடவும் தெம்பு குறைந்துவிடும். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி விடலைப் பருவத்துக்குப் பிறகு சுருங்கிக்கொண்டே வருகிறது. புதுக் கிருமியோடு மோதப் புது டி செல்கள் அதிகம் கிடைப்பதில்லை, பெரும்பாலும் பழைய படைதான். குழப்பமும் சோர்வும்தான் அந்த வயதின் காய்ச்சல்.

அவள் மார்ச்சிலேயே ஒரு ஊசி போட்டிருந்தாள். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த மாதம் முதல் தேதி தொடங்கினார்கள். முதல் தடவையாக வயதானவர்களுக்கு வரிசையில் முன்னிடம். அப்பாவும் போட்டிருக்க வேண்டியவர், தள்ளிக்கொண்டே வந்தார். ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் மாரடைப்பில் இறந்தார். இரண்டு நாள் முன்புதான் ஊசி போட்டிருந்தார். அதற்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லியும் பல வீடுகளில் ஊசி வாசலோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்பாவோடு.

இரண்டாம் அலையில் போன் மணியின் குணமே மாறிப்போனது. முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று வயதுகள் வந்தன, சுகர் இல்லாதவர்கள். கேள்வியும் மாறியது: "ஊசி போட்டிருந்தாரா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேள்விகள் எதுவும் இறந்தவரைப் பற்றியவை அல்ல. அவருக்கும் நமக்கும் நடுவே எத்தனை முழம் இடைவெளி என்று அளந்து பார்ப்பதுதான் எல்லாமே. சீனத்துப் பட்டியல் பொய்யில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது பொருந்தியது. ஒரு வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்து வைத்தபோது, யாரைப் பற்றிக் குறைவாக வருந்தலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டாக நாங்கள் அதை ஆக்கிக்கொண்டோம்.

பூஜ்யம் போட்டிருந்த பிள்ளைகளின் வரிகூட முழுசாகப் பூஜ்யமில்லை. பின்தெருப் பையனுக்குத் தொற்று வந்ததே தெரியாமல் போய், சில வாரம் கழித்து விடாத காய்ச்சலும் சிவந்த கண்ணும் வயிற்றுவலியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனான். எப்போதாவது சில பிள்ளைகளுக்கு அப்படிப் பின்னால் வந்து அடிக்கும், இதயம்வரை பாதிக்கும். அவன் நல்லபடியாகத் திரும்பினான். மே மாதக் கடைசியில், தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று தமிழக அரசு அறிவித்தது. இருமல்கூட வராத பிள்ளைகள் அவர்கள். எந்த வயதுப் பட்டியலிலும் அவர்களுக்கு வரி இல்லை.

இப்போது வீட்டில் சளிக் காய்ச்சல் நுழைந்தால் தெர்மாமீட்டர் குட்டிக்கு, ஆக்சிமீட்டர் அப்பாவுக்கு. அப்பத்தாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம். "இன்னைக்கு என்ன கெழம அப்பத்தா?" என்று போன வாரம் கேட்டேன். உரலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஏழு கழுத வயசாச்சு, கெழம தெரியாதாடி ஒனக்கு? போய்க் காலண்டரக் கிழி."